மாதிரி வீட்டுக் கட்டில்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்றைக்கு ஒரு கட்டிலின் கதை சொல்கிறேன். உங்கள் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவர் படுத்திருந்தார்.

பட்டு வேட்டி கசங்கியது. நெஞ்சின் மேல் பில்டர்கள் சங்கத் தலைவரின் பதக்கம் கிடந்தது. கழற்றவில்லை.

கணுக்காலுக்குக் கீழே கட்டில் இல்லை. பாதம் இரண்டும் வெளியே நின்றன.

மாதிரி வீடு அது. வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று அலங்கரித்து வைத்தது. பூச்சாடி உண்டு. புத்தகம் உண்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது.

கட்டிலை அளவு குறைத்துச் செய்திருந்தார்கள். கட்டில் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும். இந்த யோசனை அவருடையது. பில்டர்கள் சங்கக் கூட்டத்தில் மேடையேறி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நல்ல கைதட்டல். அதற்கப்புறம் கோவையில் சங்கத்துக்காரர்கள் வைத்த மாதிரி வீடுகளில் எல்லாம் கட்டில் சிறுத்துப்போயிற்று.

யாரும் அதில் படுத்துப் பார்த்ததில்லை. கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்திருப்பார்கள்.

அவரும் இன்றைக்குத்தான் படுக்கிறார்.

காலையில் பதவியேற்பு. மண்டபம் கொள்ளாத கூட்டம். பழைய தலைவர் பதக்கத்தை மாட்டிவிட்டார். இவர் உறுதிமொழி வாசித்தார். வீடு வாங்குகிறவரின் குறையை என் குறையாக நினைப்பேன் என்று அதில் ஒரு வரி. தடங்கல் இல்லாமல் வாசித்தார்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் கமலவேணி அம்மா நின்றிருந்தார்.

இவர் கட்டிய குடியிருப்பில் வீடு வாங்கியவர். கணவர் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவர். நெட்டையான மனிதர். புது வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் படுக்கையில் விழுந்தார். வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் எடுத்துப் போட்டார்கள்.

அறைக் கதவு உள்பக்கம் திறப்பது. கட்டில் தடுத்தது. சாத்த முடியவில்லை.

அறை சொன்ன அளவுதான். ஓர் அங்குலம் குறையவில்லை. மாதிரி வீட்டில் பார்த்தபோது கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

உடம்பு துடைக்கும்போதும் துணி மாற்றும்போதும் கூடத்துக்கு யார் வந்தாலும் கண்ணில் படும். கணவருக்கு நினைவு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். வாசலில் மணி அடித்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாராம்.

கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பி மாட்டித் தரச் சொன்னார் அந்த அம்மா. வேறொன்றும் கேட்கவில்லை. வெளி ஆளை வைத்துக் கதவு நிலையில் கை வைத்தால் அப்புறம் நாங்கள் பொறுப்பில்லை என்று இவருடைய ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதனால் சங்கத்தில் புகார் கொடுத்தார்.

ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்தல் நேரத்தில் உறுப்பினர் மேல் வருகிற புகாரை எடுப்பதில்லை. புதுத் தலைவர் வந்து பார்த்துக்கொள்வார்.

புதுத் தலைவர் இவர்தான். புகாரும் இவர் மேல்தான்.

பதவியேற்புக்கு முன்பே, சத்தமில்லாமல் ஆளை அனுப்பிவிடலாமா என்று இவர் கேட்டார். செயலாளர் தெய்வசிகாமணி சிரித்தார்.

“ஏனுங் தலைவரே, இப்பக் கதவத் திருப்பினா தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. அப்பறம் ஊர்ல இருக்கற கதவெல்லாம் வரிசைல வந்து நிக்கும். பதக்கத்த மாட்டுங்க, மொத வேலையா இதப் பாத்துக்கலாம்.”

அது சரி என்று பட்டது.

ஆகவே இன்று அந்த அம்மாவைக் கண்டதும் இவரே முந்திக்கொண்டார். நாளைக்குக் காலையில் ஆள் வந்துவிடும் என்றார்.

“வேண்டாமுங்க சாமி. அந்தப் புகார வாபஸ் வாங்கிட்டுப் போலாம்னுதான் வந்தேன். கட்டில கடைக்காரரு வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. இப்பக் கதவு நல்லா சாத்துதுங்க.”

குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்கிற குரல்.

வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற அந்த அம்மாவின் மகன் மொட்டை அடித்திருந்தார்.

“எல போட்டாச்சு, வாங்க தலைவரே.” தெய்வசிகாமணி தோளைத் தட்டினார்.

உட்கார்ந்தார். சாப்பிட்டார். பாயசம் இரண்டாம் தடவை வந்தது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

எதுவும் தோன்றவில்லை.

பிறகு காரை இங்கே விடச் சொன்னார்.

இப்போது எழுந்தார். கதவுப் பக்கம் போனார். சாத்தினார். சாத்திக்கொண்டது. திறந்து மறுபடி சாத்தினார். சத்தமே இல்லை.

நல்ல கதவு.

அதன் முன்னால் நின்றபடி, கட்டில் செய்து கொடுக்கிற தச்சர் மாரப்பனுக்கு போன் போட்டார்.

“மாரப்பா, ஒரு கட்டில் வேணும். நெட்டையான ஆள் கால நீட்டிப் படுக்கற மாதிரி.”

“செஞ்சிரலாமுங்க. யாருங்க படுக்கறது?”

போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

“ஐயா? லைன்ல இருக்கறீங்களா?”

கதவு சாத்தியே இருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. காபியைக் குடியுங்கள். உங்கள் வீட்டில் படுக்கிறவர்கள் எல்லாரும் காலை நீட்டிப் படுக்கட்டும். சாத்த வேண்டிய நேரத்தில் கதவு சாத்தட்டும். தட்டினால், உள்ளேயிருந்து யாரது என்று கேட்க ஒரு குரல் என்றைக்கும் இருக்கட்டும்.