பச்சைப் பட்டை

அந்தத் தொழிற்சாலையில் ஊழியர் நலத் திட்டத்தைக் கொண்டுவந்தவளே சுகிர்தாதான். எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. மனம் அமைதியாக இருந்தால் பச்சை, கொதித்தால் சிவப்பு. அங்கேயே வேலை பார்க்கும் அவள் கணவன் தனபாலுக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டை சிவந்துவிடும். வேலைக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தாள், கேன்டீனில் பெயின்டிங் செக்‌ஷன் ரெஜினாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அது பச்சைப்பசேலென்று இருப்பதைப் பார்க்கும்வரை.

"அவகிட்ட அப்படி என்னதான் பேசுவீங்க?"

"ஒண்ணும் பேசமாட்டோம். அவ பாட்டுக்குச் சாப்பிடுவா, நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன்."

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் வயிறெரிந்தது. மறுநாளே ரெஜினாவை நைட் ஷிஃப்டுக்கு மாற்றினாள். தனபாலின் பட்டை நாள் முழுக்கச் சிவந்தே கிடந்தது. திட்டம் சும்மா இருக்குமா? ஒருவரைக் கொதிக்கவைப்பவர் யாரோ, அவரை விலக்கிவை என்பது சுகிர்தாவே வகுத்த விதி. மாற்றல் உத்தரவு தானாகவே வந்தது.

அதை வாங்கிப் படித்துவிட்டு தனபால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "பாவம், உன்னையும் நைட் ஷிஃப்ட்ல போட்டுட்டாங்களே சுகி. நான் எப்படித் தனியா இருப்பேன்?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று இருந்தது.