உரித்து வைத்த இறால்

"போதும் லெஸ்டர். இதுக்கு மேல தின்னா வயிறு வெடிச்சிடும்."

சொன்னதோடு விடவில்லை கிளாடெட். விருந்தாளியின் முன்னால் குவிந்திருந்த இறாலை இரண்டு கையாலும் தன் பக்கம் வழித்துக்கொண்டாள்.

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் உரிப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

பெரிய வெள்ளி. லூசியானாவில் அன்றைக்குக் கறி கிடையாது. கொல்லையில் அண்டா வைத்து, சேற்று இறாலை மிளகாய்க் காரத்தில் வேகவைத்து, செய்தித்தாள் விரித்த மேஜையில் அப்படியே கொட்டிவிடுவார்கள். தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. அவரவர் உரித்து அவரவர் தின்ன வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அம்மாக்கள் உரித்து வைப்பார்கள்.

கிளாடெட்டின் அம்மா வெர்னா, தலை நரைத்த லெஸ்டருக்கு உரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அதைக் கேலி செய்வதில்லை. அவள் மகன் டேரில் சாலை விபத்தில் போனபோது அவனுடைய சிறுநீரகம் ஒன்று லெஸ்டருக்குப் பொருத்தப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் மனைவி நோரீனை அழைத்துக்கொண்டு வந்துவிடுவான். வருஷம் முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத வெர்னா, அன்று மட்டும் விடிவதற்குள் எழுந்து இறாலை அலசிக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்ட மனுஷனின் வாயிலிருந்து பிடுங்கினால் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

"உனக்கென்ன பைத்தியமா கிளாடெட்?" என்றார் வெர்னாவின் தம்பி ஹூபர்ட். "பத்தலைன்னா சொல்லு, நான் போய் இன்னொரு மூட்டை வாங்கிட்டு வர்றேன்."

"வாங்கிட்டு வாங்க மாமா. அதையும் இவரே முழுங்கிடுவார். வருஷா வருஷம் வர்றதே இதுக்குத்தானே."

லெஸ்டர் தலை நிமிரவில்லை. நோரீன் காகிதத் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடு ராசா." வெர்னா இன்னொன்றை உரித்து அவனிடம் நீட்டினாள். "அவ கெடக்கா. டேரில் சாப்பிடறப்பவும் இவ இப்படித்தான் கண்ணு வைப்பா."

லெஸ்டர் கையை நீட்டினான். கிளாடெட் நடுவில் புகுந்து அதையும் பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். என்ன ஜென்மமோ என்று ஹூபர்ட்டின் மனைவி முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

வெர்னா எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"போனது அவன். மிச்சம் இருக்கறது நீ. கடவுள் ஆள் மாத்தி எடுத்துட்டார்."

ஹூபர்ட் சிலுவை போட்டுக்கொண்டார். பெற்ற மகளைப் பார்த்து ஒருத்தி சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. ஆனால், சொல்லியிருக்கக் கூடாது என்று அவளைக் கண்டிக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை.

கிளாடெட் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். ஓடுகளை வாளியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியிடம் போனாள்.

நோரீன் பின்னாலேயே வந்தாள்.

"அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுன்னுதானே போன்ல சொன்னேன்? இப்படியா பண்றது?"

"எப்படிச் சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

"உள்ளதைச் சொல்லு. வச்ச சிறுநீரகம் நிலைக்கறதுக்காகப் போடற மாத்திரையே உடம்புல யூரிக் ஆசிடை ஏத்தி விட்டுது. கௌட்ங்கற மூட்டு வாதம் வந்துடுச்சு. இந்த இறால் அதைக் கிளப்பி விடுதுன்னு சொல்லு."

"கால்வலிதானே, மாத்திரை போட்டா சரியாப் போகும்பாங்க."

"அந்த வலி மாத்திரையாலதானே இவ்வளவும்." நோரீன் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் இங்கேருந்து போனதும், பெருவிரல்ல போர்வை பட்டாலே அலறினார். தாங்க முடியாம எனக்குத் தெரியாமக் கடையில வாங்கிப் போட்டுட்டார். அந்த மாத்திரையில சிறுநீரகம் பாதி போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா அது மிஞ்சாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"தெரிஞ்சும் சாப்பிடறாரே."

"உங்க அம்மா உரிச்சு நீட்டறப்ப வேண்டாம்னு சொல்ல அவருக்கு வாய் வரல. திட்டித் திட்டிப் பார்த்துட்டேன். 'அந்த அம்மாவுக்கு வேற என்ன குடுக்க முடியும் என்னால'ங்கறார்."

கிளாடெட் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மேஜைப் பக்கமிருந்து வெர்னாவின் அழுகை கேட்டது. என் பிள்ளை பசியோட எழுந்திரிச்சிட்டானே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். லெஸ்டர் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

"வா, இப்பவே போய்ச் சொல்லிடலாம்" என்று நோரீன் அவள் கையைப் பிடித்தாள். "இல்லேன்னா உங்க அம்மா உன்னை மன்னிக்கவே மாட்டாங்க."

கிளாடெட் கையை விடுவித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிக்காட்டிப் போகட்டும். டேரில்கிட்டேருந்து மிஞ்சினதைத் தன் கையாலயே கெடுத்துக்கிட்டு இருந்தோம்னு தெரிஞ்சா, அவங்க தன்னையே மன்னிக்க மாட்டாங்க."