மஃரிபுக்குள் மூன்று படம்

“ராத்தா, இப்ப நான் எந்தப் படத்தில நிக்கிறன்?” என்று கேட்டாள் பர்ஹா.

“யானைப் படம். வயல்ல வேளாண்மையெல்லாம் யானை திண்டிட்டு, நீ அழணும். மூக்குக் கண்ணாடியக் கழட்டு, அது தையல்காரிப் படத்துக்கு” என்றாள் சிபானா, கைபேசியைச் சரிசெய்தபடி.

குறும்படப் போட்டிக்கு மூன்று படங்களையும் இன்று அந்தித் தொழுகையான மஃரிபுக்குள் அனுப்ப வேண்டும். மூன்றிலும் நடிப்பவள் தங்கை பர்ஹா மட்டுமே. வாப்பாவும் மற்ற ஆண்களும் நிக்காஹுக்காகப் பள்ளிவாசலுக்குப் போயிருந்ததால் வீட்டில் சத்தம் குறைந்திருந்தது. இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது.

உம்மா கதவைத் தட்டினார். “சிபானா, திற!”

“இன்னும் ரெண்டு ஷொட்தான் உம்மா.”

“நேத்தும் இதத்தான் சொன்னாய். பள்ளியில நிக்காஹ் முடிஞ்சிட்டு. மாப்பிள்ள வாறார்!”

“வரட்டும். வாற ஆக்களுக்குச் சாப்பாடு வைங்க.”

“மாப்பிள்ளைக்குப் பக்கத்தில பொண்ணுண்டு நான் யாரக் கொண்டுபோய் இருத்துற? கல்யாணச் சாறி இன்னும் என்ட கையில கிடக்கு, நீ கமராவோட நிக்கிறாய்!”

சிபானா கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நிக்காஹ் நான் இல்லாமலே முடிஞ்சிட்டு உம்மா. படம் நான் இல்லாம முடியாது. பர்ஹா, அழு!”