பத்து மணி ஒத்திகை

பத்து மணிக்குப் பரீட்சை முடிவு வெளியாக வேண்டும். அப்போது மணி ஒன்பது. மேசைமேல் இருந்த கணினி தனக்குள்ளேயே ஒரு லட்சம் பிள்ளைகளையும் ஒரு லட்சம் போன்களையும் கற்பனையாக உண்டாக்கி, முடிவைத் தரப்போகும் சர்வர் அந்தக் கூட்டத்தைத் தாங்குமா என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறாவது தடவையும் தாங்கிடுச்சு," என்று சுவர்க் கடிகாரத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்த பல்லியிடம் சொன்னது. நல்ல சகுனமாக ஒரு சத்தம் கொடுக்கும் என்று எதிர்பார்த்தது. பல்லி அதைக் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டது.

"உன் பிள்ளைங்க எத்தனை தடவை பட்டனை அமுக்குவாங்க?"

"ஒரே தடவை. அப்புறம் பதில் வர்ற வரைக்கும் சும்மா இருப்பாங்க."

சொல்லிவிட்டு, மூலையில் இருந்த நிஜ சர்வரைக் கூப்பிட்டது கணினி. "இருக்கியா?"

"இருக்கேன்."

உடனே மறுபடியும், "இருக்கியா?"

"இப்பத்தானே சொன்னேன்."

மூன்றாவது முறை பதில் வர ஒரு நொடி தாமதமானது. அதற்குள் கணினி நாற்பது தடவை கேட்டுவிட்டது. சர்வருக்கு மூச்சு முட்டியது.

"உன் பிள்ளைங்களுக்கு உன் குணத்தையே கொடுத்துப் பாரேன்," என்றது பல்லி.

கணினி கொடுத்துப் பார்த்தது. ஒத்திகையில் பத்து மணி ஆன இரண்டாவது நொடியே சர்வர் விழுந்துவிட்டது.

கணினியின் விசிறி வேகமாகச் சுற்றியது. பிறகு மெதுவாகக் கேட்டது. "மணி என்ன?"

"ஒன்பதரை," என்றது பல்லி.

"இப்போ?"