முட்டை ஓட்டில் நன்னடத்தை

கத்தி முனைக்கும் மார்க்கம் அம்மாளின் கழுத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. லெஸ்டர் கத்தியைத் திருப்பிப் பிடித்தான். கதவருகே நின்ற இரண்டு காவலர்களும் அசையவில்லை.

அம்மாள் இன்னும் கிட்டே குனிந்தார். தன் இடது கையிலிருந்த ஈமு முட்டையின் கரும்பச்சை ஓட்டை அவன் சுரண்டச் சுரண்ட, அடியில் நீலம் தெரிந்தது. அதற்கும் அடியில் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு உடும்பு வயிற்றைத் தூக்கி நடக்கத் தொடங்கியது.

போலீஸ்காரர் ஒருவரின் மூக்கை உடைத்ததற்கு லெஸ்டருக்கு நான்கு வருடச் சிறை. இரண்டு முடிந்திருந்தது. மார்க்கம் தலைமையிலான முன்விடுதலைக் குழு இன்று சரி என்றால், பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அவனே கூட்டிப் போகலாம். வாயைத் திறக்காதே, செதுக்கிக் காட்டு என்று யோசனை சொன்னவர் சிறை அதிகாரி ஹாலரன்.

"இப்பல்லாம் கோவமே வர்றதில்லையா?" என்று கேட்டார் மார்க்கம்.

"வந்தா ஓடு உடைஞ்சிரும் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவின் இன்னொரு உறுப்பினரான பாதிரியார், முட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் இவன்மேல் ஒரு புகார் இல்லை என்றார் ஹாலரன். அமைச்சர் வீட்டு அலமாரியில்கூட இவன் முட்டையில் செதுக்கிய கங்காரு நிற்கிறதாம்.

"யாருப்பா கத்துக் குடுத்தது?"

"எங்க மாமா மேடம். அடுத்த செல்லு."

"அவர் எத்தன வருசமா இருக்காரு?"

"அவரு என்னைவிட ரொம்ப நல்லா செதுக்குவாரு மேடம்."

ஹாலரன் இருமினார்.

வெளியே போனால் என்ன செய்வதாக உத்தேசம் என்று பாதிரியார் கேட்டார். அண்ணனோடு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போவதாகச் சொன்னான் லெஸ்டர். செதுக்குவது? ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் பார்க்கலாம். வீட்டில் பதினோரு பேர், ஒரே மேசை.

இருபது வருடத்தில் இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை என்றார் மார்க்கம். படிவத்தில் நாலு வரி எழுதினார். பாதிரியார் அதைப் படித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். லெஸ்டர் எழுந்து நின்றான்.

மார்க்கம் அவன் விரல்களை ஆசையாகப் பார்த்துவிட்டு ஹாலரனிடம் சொன்னார்:

"இங்கயே இருக்கட்டும். வெளிய விட்டா இந்தக் கை வீணாப் போயிடும்."