நீட்டிய கை

நெடுந்தீவு வெளியில், இடுப்பளவே உயரமான ஓலை மறைவுக்குள் துசாரா கமராவோடு குந்தியிருக்கிறாள். எதிரே பனை வடலி நிழலில், தரையில் ஆக்காட்டிக் குருவி ஒன்று அடைகாக்கிறது. நிழலில் அதன் முகம் கறுத்துத் தெரிவதால் பிளாஷ் இல்லாமல் சரிவராது. பிளாஷைக் கமராவுக்கு மேலே தாங்க இரண்டு கம்பிகள் கொண்டுவந்திருக்கிறாள். குட்டையானதில் வெளிச்சம் லென்ஸை ஒட்டியே போய்ப் பறவையின் கண்ணைச் சிவப்பாக்கிவிடும் என்று நெட்டையானதைப் பூட்டினாள். வீட்டில் கதிரையில் இருந்து பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. இங்கே அது கூரையில் முட்டுகிறது. "ரெண்டு பேர் வந்து ஒராள் திரும்பிப் போனா, எல்லாரும் போயிட்டினம் எண்டு ஆக்காட்டி நினைக்கும். நாலு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை. அதுவரைக்கும் அசையாதையும். அது எழும்பினா முட்டை வெயிலிலை அவிஞ்சுபோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மாடு வளர்க்கும் குழந்தைவேலு அண்ணை காலையில் போனார். கச்சான் காற்றில் ஓலை சரசரக்கிற நேரமாய்ப் பார்த்துப் பிளாஷைக் கழற்றி, இடுக்கு வழியே கையால் வெளியே நீட்டுகிறாள். ஆக்காட்டி எழும்புகிறது. நிழல் விலகியிருந்த பக்கத்து முட்டை ஒன்று வெயிலில் வெளிறித் தெரிகிறது. துசாரா நீட்டிய கையை அப்படியே வைத்திருக்கிறாள். காற்று இரண்டு தடவை வந்து போகிறது. ஆக்காட்டி மெல்லக் குந்தி, முட்டையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்க்கிறது. கையை உள்ளே இழுத்தால் திரும்பவும் எழும்பும். வியர்வை முழங்கையால் வழிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. பையில் குட்டைக் கம்பி கிடக்கிறது, மடியில் நெட்டைக் கம்பி கிடக்கிறது. மணி இப்போதுதான் ஒன்று.