போனைக் கொஞ்சம் இறக்குங்கம்மா

மறுபடியும் மகன்தான் திரையில் தெரிந்தான். அம்மாவின் நெற்றியும் நரைத்த வகிடும் மட்டும் அடியில் எட்டிப் பார்த்தன.

"போனைக் கொஞ்சம் இறக்குங்கம்மா. உங்க முகமே தெரியலை" என்றாள் டாக்டர்.

போன் இறங்கியது. அம்மாவின் முகம் வந்தது. பிறகு மெல்ல நழுவி, நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகனிடமே படம் போய்ச் சேர்ந்தது. டாக்டருக்கு இது பழகிப்போன சங்கதி. வீடியோவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, வயதானவர்களின் முகத்தைவிட அவர்கள் வீட்டு மின்விசிறியைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள்.

இந்த மகன்தான் பழகாத சங்கதி.

"இப்போ எப்படிம்மா இருக்கு?"

"படபடன்னு வருதும்மா. நெஞ்சு..."

"மேடம், அவங்களுக்கு ஒண்ணுமில்ல." மகன் குறுக்கே விழுந்தான். "ரத்தம், ஈசிஜி எல்லாம் எடுத்து அனுப்பியாச்சு. எல்லாம் நார்மல்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் வாரா வாரம் என்ன பேச்சு? தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, போதும்."

"தூக்க மாத்திரையா? யாருக்குத் தூக்கம் வரலை?"

"இந்த வீட்ல தூக்கம் போயி ரெண்டு மாசமாச்சும்மா" என்றாள் அம்மா. "ராத்திரி பூரா நடக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு."

"யாரு நடக்கிறாங்க?"

"இவன்தான்."

"நீ சும்மா இருக்க மாட்டியா?" மகன் சீறினான்.

டாக்டர் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். "நேரத்துக்குச் சாப்பிடறீங்களாம்மா?"

"எங்கே? பானையில வெச்சது பானையில இருக்கிறதில்ல. எல்லாத்தையும் இவனே தின்னு தீத்துடறான்."

பெற்றவளுக்கு ஒரு வாய் மிச்சம் வைக்காதவன். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக் காட்டுங்க."

"எப்படின்னு தெரியலையேம்மா. டேய், நீ ஒருதடவை நீட்டிக் காட்டேன்."

"இதுக்கெல்லாமா நான் வந்து நிக்கணும்? இப்படித்தான், நீட்டு!" அவன் நீட்டிய கைகள் வெடவெடத்தன. ஆத்திரம் விரல்நுனிவரை வந்துவிட்டது. அதன்பின் அம்மா மடியில் போனை வைத்துவிட்டுத் தன் கைகளை நீட்டினாள். கல்லில் செதுக்கியதுபோல் அசையாமல் நின்றன.

போனை மறுபடி எடுத்ததும் படம் மகனிடமே போனது. டாக்டர் அவனையே பார்த்தாள். அம்மா சால்வை போர்த்தியிருக்கிறாள். இவனுக்கோ கழுத்தெல்லாம் வியர்வை. கண்கள் இமைக்க மறந்து முறைக்கின்றன. கைக்கடிகாரமும் அவனுடையதாகத் தெரியவில்லை. மணிக்கட்டில் நிற்காமல் நழுவி நழுவி இறங்கியது. செத்துப்போன அப்பாவுடையதோ என்னவோ. அடுத்து எதன்மேல் கண்ணோ?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதற்கு நாடி பார்க்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லாமல் ஒருத்திக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறதென்றால், அதற்குப் பெயர் பயம். டாக்டர் தன் போனை எடுத்து, முதியோர் உதவி எண்ணைத் தேடி வைத்துக்கொண்டாள். அவனை அந்த அறையிலிருந்து நகர்த்துவதுதான் பாக்கி.

"ஒரு உதவி பண்ணுங்க, சார். அம்மாவோட பழைய மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

"நான் எதுக்கு மேடம் போகணும்? கேக்கிறதை என் எதிர்லயே கேளுங்க."

"போடா, டாக்டர் சொல்றாங்கள்ல" என்றாள் அம்மா. "அலமாரியில மேல்தட்டுல பாரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். கதவு படாரென்று அடித்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா. பையனாலதானே உங்களுக்கு இந்தப் படபடப்பு? பேச முடியலைன்னா தலையை மட்டும் ஆட்டுங்க."

அம்மா தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

டாக்டரின் விரல் உதவி எண்ணின்மேல் போனது. அப்போதுதான் கவனித்தாள். அம்மாவின் முகம் திரையின் நட்டநடுவில், சட்டம் போட்ட படம்போல, ஆடாமல் அசையாமல் நின்றது. போன் பிடிக்கத் தெரியாத கை இல்லை அது.

"பயப்படாதீங்கம்மா. நான் ஆளை அனுப்பறேன்."

"ஆளெல்லாம் எதுக்கும்மா? அவன் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்." அம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "டாக்டர்னு பேச்செடுத்தாலே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். எனக்கு முடியலைன்னாதான் பக்கத்துல வந்து நிப்பான்."

உள்ளே அலமாரி சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா போனுக்குள் வாயை வைப்பதுபோல் நெருங்கி வந்தாள்.

"மூணு வாரமா அவனையே காட்டிக்கிட்டிருக்கேனே, அவனுக்கு என்னம்மா வியாதி?"